சிகிச்சை முடித்து வந்தவர் மீண்டும் போதையைத் தொடங்கிவிட்டால், அந்தச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளா?

வைகறை (தொடக்கப் பதிவு)

நீண்ட நாளாக இங்கே வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வலிக்காகக் கொடுக்கப்பட்ட ஓபியாய்டு (ஓபியம் வகை வலிநீக்கி) மாத்திரைகளை, வலி தீர்ந்த பின்னும் என் தம்பியால் விட முடியவில்லை. மாத்திரை கிடைப்பது அரிதானபோது ஹெராயினுக்குப் போனான். எங்களுக்கு விஷயம் தெரியவந்தபோது வேலை போயிருந்தது, கடன் சேர்ந்திருந்தது, வீட்டில் எவரும் எவரையும் நம்பாத நிலை வந்திருந்தது. பெரும்பாடு பட்டு ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். உடல் தேறி, முகம் தெளிந்து, பழைய தம்பியாகவே திரும்பி வந்தான். சில வாரங்களுக்குள் மீண்டும் தொடங்கிவிட்டான்.

இப்போது வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. "செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, இனி அவன் பாடு" என்கிறார் அப்பா. எங்காவது கொண்டுபோய் ஓராண்டு பூட்டி வைத்தால்தான் திருந்துவான் என்கிறார் மாமா. புதிதாகப் பார்த்த மனநல மருத்துவரோ பியூப்ரெனார்பின் என்ற மருந்தைத் தொடங்கி நீண்ட காலம் தொடரலாம் என்கிறார். அதுவும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்ததும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். ஒரு போதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவது எப்படிச் சிகிச்சையாகும் என்ற அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இது நோயா, மனத்திண்மை இல்லாமையா என்பதில் எனக்கே தெளிவில்லை. தம்பி அடுத்த அறையில்தான் இருக்கிறான். அவனிடம் எதைப் பேசித் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதம்

வணக்கம் வைகறை. நான் மனநல மருத்துவன். போதை நோய்ச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இப்போதிருப்பது மிகவும் ஆபத்தான காலகட்டம். தொடர்ந்து பயன்படுத்தும் உடல் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. சில வாரங்கள் விலகி இருந்தால் அந்தத் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. மையத்துக்குப் போகும் முன் அவர் வழக்கமாக எடுத்த அதே அளவு, இன்று அவருடைய மூச்சை நிறுத்திவிடக்கூடும். சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களிலும் மையங்களிலிருந்து வெளிவந்த முதல் சில வாரங்களிலும் மிகையளவு மரணங்கள் கூடுவதற்கு இதுவே காரணம். எனவே இன்றைய முதல் கவலை அவர் திருந்துவாரா என்பதாக இருக்க வேண்டாம். அவர் உயிரோடு இருக்க வேண்டும். தனியாக இருக்கும்போது பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். ஓபியாய்டு மிகையளவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். 1954இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் குறிப்பிட்ட சில பகுதிகளில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் சிறு மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் அந்த நெம்புகோலைத் திரும்பத் திரும்ப, அயராமல் அழுத்திக்கொண்டே இருந்தன. உயிர் பிழைக்கத் தேவையானவற்றைத் தேடிப் போகும்படி நம்மைத் தூண்டுகிற அந்த அமைப்பில் முக்கியப் பங்கு வகிப்பது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். ஹெராயினும் கோக்கைனும் மெத்தம்பெட்டமைனும் வெவ்வேறு வழிகளில் அதே அமைப்பைத்தான் பற்றிக்கொள்கின்றன, அதுவும் இயல்பான எந்த இன்பத்தாலும் எட்ட முடியாத அளவுக்கு. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மற்ற இன்பங்கள் மங்குகின்றன. அந்தப் பொருளோடு தொடர்புள்ள ஒவ்வோர் இடமும் நேரமும் ஆளும் ஒரு தூண்டுதலாகிவிடுகின்றன. "வேண்டாம்" என்று நிறுத்த வேண்டிய முன்மூளையின் பிடி தளர்கிறது. அதனால்தான் பயன்படுத்துவதில் எந்த மகிழ்ச்சியும் மிஞ்சாத கட்டத்திலும் வேட்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. யார் இதற்கு ஆளாகிறார் என்பதில் ஏறத்தாழப் பாதி பரம்பரைக் கூறுகளின் பங்கு; மீதியில் தொடங்கிய வயது, சிறுவயதுத் துயரங்கள், மனச்சோர்வு போன்ற உடனிருக்கும் நோய்கள், பொருள் எளிதில் கிடைப்பது எனப் பலவும் அடங்கும்.

மூன்றாவதாக, உங்கள் தம்பி மையத்தில் பெற்றது பெரும்பாலும் நச்சுநீக்கம், அதாவது உடலிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றும் முதல் கட்டம் மட்டுமே என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். ஹெராயினை நிறுத்தினால் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் விலகல் அறிகுறிகள் (பழகிய பொருள் கிடைக்காமல் உடல் படும் வேதனைகள்) தொடங்கி, 4 முதல் 10 நாள்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். உடல் தெளிவதற்கு அது போதும். மூளையில் பல ஆண்டுகளாகப் படிந்த மாற்றங்கள் பின்வாங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலாகும். 90 நாள்களுக்குக் குறைவான சிகிச்சையால் நிலைத்த பயன் கிடைப்பது அரிது என்பது இத்துறையில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. தொடர்சிகிச்சை இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியதுதான் குறை.

நெடுவழி

சகோதரி, உங்கள் தம்பி இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். இன்று மருந்தோடும் ஒரு சுய உதவிக் குழுவின் துணையோடும் நலமாக வாழ்கிறேன். மருத்துவர் ஐயா வேட்கை என்று குறிப்பிட்டதை உள்ளிருந்து சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு அது ஏதோ ஆசை என்பதுபோல் கேட்கிறது.

மையத்திலிருந்து வெளியே வந்தபோது இனித் தொடவே மாட்டேன் என்று முழுமனத்தோடு நம்பினேன். அந்த நம்பிக்கையில் பொய் ஏதும் இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. முன்பெல்லாம் அந்த ஒலி கேட்டதும் நேராக எங்கே போவேன் என்பது உடலுக்குத் தெரிந்திருந்தது. வயிறு இறுகியது, உள்ளங்கை வியர்த்தது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, மூக்கில் நீர் வழிந்தது, கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. உடலில் எந்த மருந்தும் இல்லாத காலத்தில், ஒரு சிறு ஒலி விலகல் அறிகுறிகளை அப்படியே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த நேரத்தில் அம்மாவின் கண்ணீரும் பிள்ளைகளின் முகமும் நினைவுக்கு வராமல் இல்லை. நினைவுக்கு வந்தன, அந்த வேகத்தின் முன் அவை நிற்கவில்லை.

எனக்கு அப்போது பயன்பட்டவை மிகச் சாதாரணமான ஏற்பாடுகள். சம்பளம் என் மனைவியின் கணக்குக்குப் போகும்படி செய்தோம். பழைய எண்களை நீக்கிவிட்டு, கைப்பேசி எண்ணையே மாற்றினேன். வேட்கை எழும்போது நேரம் பாராமல் அழைக்கக்கூடிய ஒருவரைக் குழுவில் தேடிக்கொண்டேன். வேட்கை அலைபோல ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும் என்று ஆலோசகர் கற்றுக்கொடுத்தார்; அந்த அரைமணியைக் கடத்துவதற்குத்தான் பயிற்சி. தம்பியிடம் "ஏன் மறுபடி செய்தாய்" என்று கேட்க வேண்டாம், அதற்கு அவரிடம் பதில் இருக்காது. "அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இருக்கும், அந்தப் பதிலை வைத்து ஏதாவது செய்யவும் முடியும்.

தெளிநீர்

மருத்துவர் ஐயாவின் அறிவையும் நெடுவழி அவர்களின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆயினும் எனக்கொரு மறுப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்தவன் நான். அவர் அடித்த அடிகளையும் விற்ற பொருள்களையும் "நோய்" என்ற ஒரு சொல்லுக்குள் வைத்து மூடிவிட என் மனம் ஒப்பவில்லை. என் தந்தை எந்த மருத்துவமும் இல்லாமல் ஒருநாள் குடியை அடியோடு நிறுத்தியவர். அவரால் முடிந்தது என்றால், முன்பே முடிந்திருக்கும் அல்லவா? நோய் என்று சொல்லிச் சொல்லியே, பொறுப்பேற்க வேண்டியவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் அமைத்துக் கொடுக்கிறோம் என்று அஞ்சுகிறேன். காய்ச்சல் வந்தவர் மனைவியின் நகையைத் திருடுவதில்லை.

மருதம்

தெளிநீர், உங்கள் மறுப்பு நியாயமானது. நீங்கள் பட்ட துன்பத்தை எந்த நோய்ப்பெயரும் அழித்துவிடாது, அழிக்கவும் கூடாது.

தாமாகவே விடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் கணிசமாக இருக்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே இருந்த காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓபியம் வகைப் போதைக்கு அடிமைப்பட்டிருந்தனர். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரே மீண்டும் அந்த நிலைக்குப் போயினர். பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறவில்லை. இதை மனத்திண்மையின் வெற்றி என்று மட்டும் படிப்பது போதாது என்பது என் கருத்து. போர்க்களமும் அச்சமும் மலிவாகக் கிடைத்த ஹெராயினும் ஒருசேர மறைந்து, குடும்பமும் வேலையும் வேறொரு சூழலும் அவர்களுக்குக் கிடைத்தன. உங்கள் தம்பி, வைகறை, பயன்படுத்திய அதே தெருவுக்கும் அதே கடன்காரர்களிடமும் வேலையில்லாத அதே பகல்பொழுதுகளுக்கும் திரும்பி வந்திருக்கிறார். ராபின்ஸின் ஆய்வை நான் இங்கே குறிப்பிடுவது அதற்காகத்தான்: தம்பிக்கு மருந்து எவ்வளவு தேவையோ, பகலை நிரப்ப ஒரு வேலையும் அவ்வளவு தேவை.

பொறுப்பைப் பற்றி: நீரிழிவு உள்ளவரை நோய்க்காக நாம் பழிப்பதில்லை, ஆனால் மருந்து எடுப்பதும் பரிசோதனைக்கு வருவதும் அவர் கடமை என்றே எதிர்பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான். திருடிய நகைக்கும் அடித்த அடிக்கும் ஒருவர் பதில் சொல்லத்தான் வேண்டும், சட்டத்தின் முன்பாகவும்கூட. சிகிச்சை பெற்றால்தான் அந்தப் பதிலைச் சொல்லும் தெம்பு அவருக்கு வரும்.

மீண்டும் தொடங்குவதைப் பற்றி, தலைப்பில் கேட்ட கேள்விக்கே வருகிறேன். 2000ஆம் ஆண்டில் மெக்லெல்லன் குழுவினர் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரை, போதை நோயை உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டது. போதை நோயில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் 50 முதல் 70 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. மாத்திரையை நிறுத்தியதும் இரத்த அழுத்தம் ஏறினால், மருந்து வேலை செய்திருக்கிறது என்றுதான் மருத்துவர் முடிவுக்கு வருவார், மருந்தைத் திரும்பத் தொடங்குவார். போதை நோயில் மட்டும் அதே நிகழ்வைக் காட்டிச் சிகிச்சை வீண் என்கிறோம்.

அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற இன்னொரு ஓபியாய்டு மருந்தை ஹெராயின் போதைக்குச் சிகிச்சையாகப் பயன்படுத்தத் தொடங்கியபோதே இதே கேள்வி எழுந்தது. ஹெராயின் வேகமாக ஏறி வேகமாக இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கந்தான் ஒருவரை நாள் முழுவதும் ஓட வைக்கிறது. மெத்தடோனும் பியூப்ரெனார்பினும் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் சமநிலையில் நிற்கின்றன. சரியான அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பள்ளியில் விட்டு வருகிறார். பியூப்ரெனார்பினுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு: ஓரளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால் அதனால் மட்டும் மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறைவு. இந்த இரண்டு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 11.3 மரணங்கள், சிகிச்சையை விட்டு வெளியேறிய காலத்தில் 36.1. அம்மாவிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். உடல் மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, வாழ்க்கையே போதையைச் சுற்றிச் சுழல்வது வேறு. அம்மா அஞ்சுவது இரண்டாவதைத்தான், தம்பிக்கு அதைத் தடுப்பதற்கே இந்த மருந்து.

முன்னாள் செவிலி

தெளிநீர் தம்பி தன் தந்தை குடியை ஒரே நாளில் நிறுத்தியதாக எழுதியிருப்பதால், வாசிப்பவர்களின் பாதுகாப்புக்காக ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் திடீரென நிறுத்துவது உயிராபத்தில் முடியக்கூடும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாதவற்றைக் காண்பது, நேரமும் இடமும் மறந்துபோவது என்று முற்றலாம். தூக்க மாத்திரையாக எடுக்கும் பென்சோடையசிபின் வகைகளுக்கும் இது பொருந்தும். அவற்றை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஹெராயின் விலகல் தாங்க முடியாத வேதனை என்றாலும், மற்றபடி உடல்நலம் உள்ளவரின் உயிரை அது பறிப்பது அரிது. அதில் மிகையளவே எமன்.

வைகறை அம்மா, மிகையளவின் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். உலுக்கினாலும் பெயர் சொல்லிக் கத்தினாலும் விழிக்க மாட்டார். மூச்சு மிக மெதுவாகும், அல்லது தொண்டையில் கரகரவென்ற குறட்டை போன்ற ஒலி வரும். அதைக் கேட்டு "நன்றாகத் தூங்குகிறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போன குடும்பங்களை என் பணியில் பார்த்திருக்கிறேன். உதடும் நகமும் நீலம் பாயும். கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உடனே ஆம்புலன்சை அழையுங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, செயற்கை சுவாசம் கொடுங்கள். நலாக்சோனை மூக்கில் தெளியுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பாவிட்டால் மறுபடி கொடுங்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடங்களே வேலை செய்யும். அது இறங்கியதும் உடலில் இருக்கும் ஓபியாய்டு மீண்டும் மூச்சை அமுக்கலாம் என்பதால், எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் தனியே விடாதீர்கள்.

உங்கள் மாமா சொல்லும் பூட்டி வைக்கும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். கட்டாயத் தடுப்பு மையங்களை மூட வேண்டும் என்று 2012இல் ஐக்கிய நாடுகள் அவையின் 12 அமைப்புகள் கூட்டாக அறிக்கை வெளியிட்டன. அடித்தும் கட்டிப்போட்டும் பட்டினி போட்டும் எவரையும் குணமாக்க முடியாது. வெளியே வரும்போது தாங்குதிறன் இல்லாத உடலும் சிகிச்சையின் மீது வெறுப்பும்தான் மிஞ்சும். ஒரு மையத்துக்குப் போனால் தகுதி பெற்ற மருத்துவர் எத்தனை மணி நேரம் இருப்பார், மருந்து சிகிச்சை உண்டா, மனச்சோர்வையும் பதற்றத்தையும் பரிசோதிப்பார்களா, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிப் பரிசோதனைகள் உண்டா, குடும்பத்தார் வந்து பார்க்கலாமா, வீடு திரும்பிய பின் யார் தொடர்பில் இருப்பார் என்று கேளுங்கள். முழுக் குணத்துக்கு உத்தரவாதம் என்று சொல்பவர்களிடம் எழுந்து விடைபெற்றுவிடுங்கள்.

அகல்யம்

என் கணவரின் போதையோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில், வீட்டாரைப் பற்றி எழுதுகிறேன். இந்த இழையில் நோயாளியைப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. அருகில் இருப்பவர்கள் எப்படி உறங்குகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் ஓடும் ஒலியில் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பது, அவருடைய சட்டைப் பையைத் துவைக்கும் முன் நடுங்கும் விரலால் துழாவுவது, உறவினர் வந்தால் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று ஒப்பிப்பது என்று இவையே என் வாழ்க்கையாகிப் போயிருந்தன.

ஒரு ஆலோசகர் எனக்கும் குடும்பப் பயிற்சி அளித்தார். ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கிய அந்த முறையில் மிரட்டலுக்கும் மன்றாட்டுக்கும் இடமில்லை. தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரோடு அன்பாக அமர்ந்து பேச வேண்டும். போதையில் இருக்கும்போது வாதாடாமல் விலகிவிட வேண்டும். அவருடைய செயலின் இயல்பான விளைவுகளை நாம் முன்னின்று துடைத்துவிடக் கூடாது. அலுவலகத்துக்குப் பொய் சொல்லி விடுப்புக் கேட்பதை நிறுத்தினேன், கடன்காரருக்குப் பணம் தருவதை நிறுத்தினேன். மருத்துவரிடம் போகும் செலவையும் பயணத்தையும் மட்டும் எப்போதும் ஏற்றுக்கொண்டேன். பணம் கேட்டால் இல்லை, சிகிச்சை கேட்டால் எந்த நேரத்திலும் உண்டு என்ற அந்த ஒரே கோடு எனக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சுவிட இடம் தந்தது. அடி உதை இருக்கும் வீட்டில் மட்டும் இந்த அறிவுரை எதுவும் முதலில் வராது. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு உலகப் போதைப்பொருள் அறிக்கையின்படி, போதை நோயுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் சிகிச்சை பெறுகிறார். பெண்களிலோ பதினெட்டில் ஒருவர்தான். குழந்தைகளைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சமும் ஊரார் பேச்சும் அவர்களைக் கதவுக்குள்ளேயே வைத்துவிடுகின்றன.

கரைதேடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் நண்பன் பயன்படுத்துவது மெத்தம்பெட்டமைன். அதற்கும் இப்படி மருந்து உண்டா?

மருதம்

கரைதேடி, ஓபியாய்டுகளுக்கு இருப்பதுபோல் மெத்தம்பெட்டமைனுக்கென்று நிலைநாட்டப்பட்ட மருந்து இதுவரை இல்லை. மிகுந்த பலன் தருவது ஓர் எளிய நடத்தைச் சிகிச்சை: சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரியும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசோ ஊக்கத்தொகையோ உடனுக்குடன் கொடுப்பது. பலருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. தள்ளிப்போகும் நன்மையை எடைபோட முடியாத மூளைக்குக் கைமேல் கிடைக்கும் நன்மை எட்டுகிறது என்பதே இதன் அடிப்படை. அவருக்குச் சந்தேக எண்ணங்களோ குரல் கேட்பதோ இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வைகறை

எல்லோருக்கும் நன்றி. நெடுவழி அவர்கள் சொன்னபடியே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தம்பியிடம் கேட்டேன். வேலைக்கு நேர்காணலுக்குப் போய்ப் பழைய வேலை ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பிய நாள் அது என்றான். எங்களில் எவருக்கும் அந்த நேர்காணல் பற்றியே தெரியாது. அம்மாவிடம் அந்த இரண்டு எண்களையும் சொன்னேன். அம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மருத்துவரிடம் தானும் வருவதாகச் சொன்னார். அப்பா இன்னும் இறங்கி வரவில்லை. நாளைக் காலையில் மருத்துவரைப் பார்க்கிறோம். விலகல் வேதனை தொடங்கும் முன்பே பியூப்ரெனார்பினைக் கொடுத்துவிடும்படி கேட்கலாமா?

மருதம்

கேட்க வேண்டாம், வைகறை. பியூப்ரெனார்பின், ஓபியாய்டுகள் வந்து ஒட்டும் மூளையின் ஏற்பிகளை மிக இறுகப் பற்றிக்கொள்வதால், ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டுக் கடுமையான விலகல் அறிகுறிகளை ஒரே மூச்சில் கொண்டுவந்துவிடும். பலர் அந்த முதல் அனுபவத்தோடு மருந்தையே வெறுத்துவிடுகிறார்கள். கடைசியாக ஹெராயின் எடுத்து வழக்கமாக 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல், அமைதியின்மை போன்ற அறிகுறிகள் தெளிவாகத் தோன்றிய பிறகே முதல் அளவு கொடுக்கப்படும். எனவே தம்பி கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு எடுத்தார் என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே சொல்ல வேண்டும். உங்கள் முன்னிலையில் சொல்லத் தயங்கினால் நீங்களும் அம்மாவும் சிறிது நேரம் வெளியே இருங்கள். மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். அன்று தூக்க மாத்திரையோ மதுவோ கூடவே கூடாது. வீடு திரும்பும் முன் நலாக்சோனையும் அடுத்த சந்திப்புக்கான தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும்.